பூட்டு எண் கவருக்குள்ளேயே இருந்தது: பினாங்கு தைப்பூசக் கூட்டத்தில் களவுபோன ஒரு கைப்பேசி

பின்னணி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்ற ஊரில் வசிக்கும் 57 வயது அம்மையார் ஒருவர் வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து விற்கிறார். ஆர்டர் வருவது வாட்ஸ்அப்பில், பணம் வருவது வங்கிக் கணக்கிலும் இ-வாலட் எனும் கைப்பேசிப் பணப்பையிலும். கணக்குப் புத்தகம், வாடிக்கையாளர் பட்டியல், முகவரிகள் எல்லாமே மூன்றாண்டுப் பழைய ஓர் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருந்தன. 2025 பிப்ரவரி 10, திங்கட்கிழமை, தைப்பூசத்துக்கு முந்தின நாள் மாலை, ரதம் பார்க்க மகளுடன் ஜோர்ஜ் டவுன் போயிருந்தபோது அது களவுபோனது.

கீழே உள்ள நேரங்கள் மகளின் அழைப்புப் பதிவு, இ-வாலட் பட்டியல், வங்கிப் பட்டியல், உறவினர்களின் வாட்ஸ்அப் உரையாடல் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. உதவிக்கு வந்தவர் அம்மையாரின் அண்ணன் மகன். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்பவர்.

இந்தக் கைப்பேசியில் பூட்டு இல்லாமல் இல்லை. ஆறு இலக்கப் பூட்டு எண் இருந்தது, கைரேகையும் பதிவாகியிருந்தது. பூட்டியிருந்த கைப்பேசி பதினைந்தே நிமிடத்தில் எப்படித் திறந்தது என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

களவுபோவதற்கு முன் கைப்பேசி இருந்த நிலை

பூட்டு எண் அவருடைய பிறந்த தேதி: நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் ஆறு இலக்கம். கைரேகை பெயருக்குத்தான் இருந்தது. மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நின்று, பாத்திரம் கழுவிக் காய்ந்துபோன விரல் நுனியில் ரேகை தேய்ந்திருக்கும். நான்கு முறை வைத்தால் ஒரு முறைதான் ஏற்கும். ஆகவே எங்கு போனாலும், யார் பக்கத்தில் நின்றாலும், எண்ணைத்தான் அழுத்துவார். சமையல்காரர், தையல்காரர், சிமெண்ட் வேலை செய்பவர் என்று கையால் உழைக்கும் பலருக்கும் இதே நிலைதான். 'கைரேகை வைத்துவிட்டேன், பாதுகாப்பாக இருக்கிறது' என்ற நினைப்பு இவர்கள் விஷயத்தில் பலிப்பதில்லை.

கைப்பேசியின் உறை புத்தகம்போல் மூடும் வகை. உள்மடிப்பில் மூன்று அட்டை வைக்க இடம். ஒன்றில் வங்கி டெபிட் அட்டை, ஒன்றில் கடை உறுப்பினர் அட்டை, ஒன்றில் ஐ.சி. எனப்படும் மைகார்டு அடையாள அட்டை.

இ-வாலட்டின் ஆறு இலக்க எண்ணும் அதே பிறந்த தேதி. மீதம் 50 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கீழே இறங்கினால் டெபிட் அட்டையிலிருந்து 100 வெள்ளி தானாக ஏறும்படி வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (புதிதாகப் பதிவு செய்யும்போது கேட்கும் தனி ரகசிய எண்) இல்லை. சிம் அட்டைக்கென்று 'பின்' (PIN) எனும் பூட்டு எண் இல்லை. பூட்டிய திரையிலேயே குறுஞ்செய்தியின் முழு வாசகமும் தெரியும். வங்கிச் செயலியின் கடவுச்சொல் மட்டும் வேறாக, நல்ல நீளமாக இருந்தது. மறந்துவிடக் கூடாதென்று அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி பீரோவில் வைத்திருந்தார். அது சரியான செயல். ஆனால் வெளியூர் போகும்போது தேவைப்படும் என்று அந்தப் பக்கத்தை ஒரு நாள் படம் எடுத்தார். படம் கேலரியிலேயே தங்கிவிட்டது.

அன்று மாலை நடந்தது

7.20க்கு ஜாலான் உத்தாமா பக்கம் ஒரு கடையில் பூ வாங்கி, க்யூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து பணம் கட்டினார். கைரேகை ஏற்காததால் பூட்டு எண்ணை ஒருமுறை, இ-வாலட் எண்ணை ஒருமுறை என இரண்டு தடவை ஒரே எண்ணை அழுத்தினார். நெரிசலில் சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அதன்பின் கைப்பேசியைக் கைப்பையில் போட்டார். ஜிப் பாதிதான் மூடியிருந்தது.

7.40க்கு ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்தபின் படம் எடுக்கக் கைப்பேசியைத் தேடினார், இல்லை. மகள் தன் கைப்பேசியிலிருந்து அழைத்தார். இரண்டு முறை மணி அடித்தது, மூன்றாம் முறை அழைப்பு துண்டிக்கப்பட்டது. கீழே விழுந்திருக்கும், யாராவது எடுத்து வைத்திருப்பார்கள் என்று பந்தலிலும் பூக்கடையிலும் 25 நிமிடம் தேடினார்கள். கோயில் கூட்டத்தில் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் கிடைத்த கைப்பேசியைத் திருப்பித் தர நினைப்பவர் மணி அடிக்கும்போது எடுத்துப் பேசுவார். துண்டிக்க மாட்டார்.

அந்த 25 நிமிடத்தில் நடந்ததை இ-வாலட் பட்டியல் காட்டுகிறது. வாலட்டில் இருந்தது 186 வெள்ளி. 7.51க்கு 150 வெள்ளி போனது. மீதம் 36 ஆனதும் 100 தானாக ஏறியது. 7.56க்கு 130 போனது, மறுபடி 100 ஏறியது. 8.03க்கு 100, மறுபடி 100. தேடி முடித்த பிறகும், 8.09க்கு இன்னொரு 100. ஆக, 186 வெள்ளி இருந்த பையிலிருந்து 480 வெள்ளி போனது. தானாக ஏறும் வசதி இல்லாதிருந்தால் இழப்பு 186ஐத் தாண்டியிருக்காது.

8.05க்கு மகள் மாமன் மகனை அழைத்தார். அவர் முதலில் கேட்டது இரண்டே கேள்வி.

"அத்தை, பூட்டு நம்பர் என்ன வச்சிருந்தீங்க?"

"பொறந்த தேதிதான்யா."

"ஐ.சி. இப்ப எங்க?"

"கவருக்குள்ளயே இருக்கு."

இந்தப் பதில்களைக் கேட்டதும், கைப்பேசி திறந்துவிட்டது என்று வைத்துக்கொண்டே எல்லா வேலையும் செய்ய வேண்டும் என அவர் முடிவெடுத்தார். அன்று எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது இதுதான்.

காரணம் எளிது. மைகார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தின் குறியீடு, பினாங்கு என்றால் 07. எடுத்துக்காட்டாக ஒருவரின் எண் 670914-07 என்று தொடங்கினால், பூட்டைத் திறக்க முதலில் 670914 அழுத்திப் பார்ப்பார்கள், அடுத்து திருப்பிப்போட்டு 140967. இரண்டே முயற்சி. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஐந்து தவறுக்குப் பிறகுதான் 30 வினாடி காக்க வைக்கும். ஆறு இலக்கத்தில் 10 லட்சம் எண்கள் உண்டு என்பது உண்மைதான். பிறந்த தேதியை வைத்து, ஐ.சி.யையும் கூடவே கொடுத்தால் அந்த 10 லட்சம் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது.

பூக்கடையில் யாராவது எண்ணைப் பார்த்தார்களா, ஐ.சி.யிலிருந்து கண்டுபிடித்தார்களா என்பது உறுதியாகவில்லை. இரண்டு வழியும் திறந்தே கிடந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எதை அடைப்பது என்பதில்தான் குழப்பம். மகள் சிம்மை முடக்க விரும்பினார். உதவியவர் தடுத்து, வங்கியை முதலில் அழைக்கச் சொன்னார். சிம்மை முடக்கினாலும் வங்கிச் செயலி வைஃபையில் ஓடும். முன்பு பணம் அனுப்பக் குறுஞ்செய்தியில் டேக் (TAC) எனும் ஒருமுறை எண் வர வேண்டியிருந்தது. மோசடியைக் குறைக்க வங்கிகள் அதைக் கைவிட்டு, பதிவு செய்த ஒரே கைப்பேசியின் செயலிக்குள் ஒப்புதல் தரும் முறைக்கு மாறிவிட்டன. தூரத்திலிருந்து ஏமாற்றுபவனை இது தடுக்கும். கைப்பேசியையே கையில் வைத்திருப்பவனுக்கு ஒப்புதல் பொத்தானும் கையிலேயே இருக்கிறது. எனவே வங்கிப் பக்கத்திலேயே கதவை மூட வேண்டும்.

வங்கியின் அவசர எண் டெபிட் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கும். அட்டை உறையோடு போய்விட்டது. மகள் இணையத்தில் தேடினார். தேடலில் மேலே வரும் விளம்பரங்களிலிருந்து எண்ணை எடுக்கக் கூடாது, வங்கியின் சொந்த அகப்பக்கத்துக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும் என்று உதவியவர் சொன்னது நல்ல எச்சரிக்கை. போலி அவசர எண்கள் உலவுகின்றன. இதில் ஐந்து நிமிடம் போயிற்று. 8.14க்கு அழைப்பு சென்றது. 8.16க்கு, வரிசையில் காத்திருக்கும்போதே, கணக்கிலிருந்து 1,500 வெள்ளி யாரோ ஒருவர் கணக்குக்குப் போனது. 8.21க்கு இணைய வங்கிச் சேவையும் டெபிட் அட்டையும் முடக்கப்பட்டன. 8.23க்கு இன்னொரு 1,500 வெள்ளிக்கு நடந்த முயற்சி நிராகரிக்கப்பட்டது.

வங்கிச் செயலியின் கடவுச்சொல் எப்படிக் கிடைத்தது? நோட்டுப் பக்கத்தின் படம்தான் காரணம் என்பது நம் கணிப்பு, வேறு வழி தெரியவில்லை. இன்றைய கேலரிச் செயலிகள் படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் படிக்கும். தேடுமிடத்தில் வங்கியின் பெயரைத் தட்டினால் அந்தப் படம் முதல் வரிசையில் வந்து நிற்கும்.

8.24க்கு மோசடிப் புகார் எண்ணை அழைத்தார்கள். பணம் போன கணக்கை அந்த வங்கியின் வழியாக முடக்க, பணம் கைமாறி இன்னொரு கணக்குக்குப் போகுமுன் அழைக்க வேண்டும். பணம் பெற்ற கணக்கின் எண், தொகை, நேரம் மூன்றையும் கேட்டார்கள். வங்கி அதிகாரி சொன்னபோதே மகள் அவற்றை எழுதி வைத்திருந்தது உதவியது. பிறகு இ-வாலட்டின் எண்ணுக்கு அழைத்து அதையும் முடக்கினார்கள்.

அடுத்தது கைப்பேசியின் உள்ளடக்கம். கூகுள் கணக்கு வழியாகத் தொலைவிலிருந்தே அதைப் பூட்டவோ அழிக்கவோ வேண்டும். இங்கே இரண்டு பொறி இருந்தன. இரண்டும் பலருக்குத் தெரியாதவை.

ஒன்று: மகளின் கைப்பேசியிலிருந்து அம்மையாரின் கூகுள் கணக்குக்குள் நுழையக் கடவுச்சொல் வேண்டும். மூன்றாண்டாக ஒருமுறைகூடத் தட்டாத கடவுச்சொல். பிறையில் வீட்டிலிருந்த கணவரை அழைத்தார்கள். அவர் பீரோவைத் திறந்து நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துச் சொன்னார். தட்டியதும், 'உங்கள் கைப்பேசியில் வந்திருக்கும் கேள்விக்கு ஆம் என்று அழுத்துங்கள்' என்றது கூகுள். அந்தக் கைப்பேசிதானே களவுபோயிருக்கிறது! வேறு வழி கேட்டால், குறுஞ்செய்தியை அதே எண்ணுக்கு அனுப்பட்டுமா என்கிறது. மீட்பு எண்ணாகத் தன் எண்ணையே கொடுத்திருந்ததால் வந்த வினை. நல்ல வேளையாக வீட்டில் பேரனுக்கு வாங்கிய டேப்லட் அம்மையாரின் கணக்கில் ஏற்கெனவே நுழைந்திருந்தது. "அப்பா, அந்த டேப்லட்ட எடுங்க, நான் சொல்றத அப்படியே செய்ங்க" என்று மகள் தொலைபேசியில் ஒவ்வொரு படியாகச் சொல்ல, கணவர் செய்தார்.

ஒரே நோட்டுப் புத்தகம். பீரோவில் இருந்த தாள் காப்பாற்றியது, கேலரியில் இருந்த அதன் படம் காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது பொறி: தொலைவிலிருந்து கைப்பேசியைப் 'பூட்டும்' கட்டளை. அது புதிய பூட்டைப் போடாது, ஏற்கெனவே இருக்கும் எண்ணைக் கொண்டே பூட்டும். எண் தெரிந்தவன் மறு வினாடி திறந்துவிடுவான். எனவே பூட்டுவதில் பயனில்லை, முழுவதும் அழிப்பதுதான் வழி. அழித்துவிட்டால் கைப்பேசி இருக்கும் இடத்தை ஆண்ட்ராய்டில் பிறகு பார்க்க முடியாது. அம்மையார் தயங்கினார். பொங்கலுக்குப் பிறகு எடுத்த ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் இருந்தது. காப்புப் பிரதி அன்று விடிகாலை 2 மணிக்கு ஏறியிருந்ததை டேப்லட்டில் பார்த்துச் சொன்னபிறகு சம்மதித்தார். வாடிக்கையாளர் சிலரின் ஐ.சி. படங்களும் வங்கிச் சீட்டுகளும் உள்ளே இருந்தன. அவை அவருக்கு மட்டும் உரியவை அல்லவே. அந்த நிலையில் அழிப்பதே சரி.

8.31க்கு அழிக்கும் கட்டளை போனது, 8.34க்கு நிறைவேறியது. அதன் பிறகே, 8.38க்கு, கூகுள் கடவுச்சொல் மாற்றப்பட்டது. இந்த வரிசை முக்கியம். கைப்பேசி கணக்குக்குள் இருந்தால்தான் கட்டளை அதைச் சென்றடையும். கடவுச்சொல்லை முதலில் மாற்றினால் கைப்பேசி கணக்கிலிருந்து விலகிவிடக்கூடும், கட்டளை அந்தரத்தில் நிற்கும். அழித்தபின் அந்தக் கைப்பேசியைப் புதிதுபோல் தொடங்க முயன்றால், பழைய கணக்கின் கடவுச்சொல்லையோ பழைய பூட்டு எண்ணையோ கேட்கும். கடவுச்சொல் மாறிவிட்டது, ஆனால் பூட்டு எண் தெரிந்தவனுக்கு இது முழுத் தடை அல்ல.

சிம்மை முடக்கியது கடைசியில், 8.58க்கு. கைப்பேசி இணையத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே தாமதித்தார்கள். அதற்கும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

வாட்ஸ்அப்பில் நடந்தது

8.10 முதல் அம்மையாரின் எண்ணிலிருந்து 11 பேருக்குச் செய்தி போனது: அவசரம், 300 வெள்ளி வேண்டும், இந்தக் கணக்குக்குப் போடுங்கள், நாளைக்குத் தருகிறேன். எல்லாம் மலாய் மொழியில். கோலாலம்பூரில் இருக்கும் தங்கை 8.18க்கு மகளை அழைத்தார்: "அக்கா எனக்கு என்னைக்குமா மலாய்ல எழுதியிருக்காங்க? என்னா நடக்குது அங்க?" அதற்குள் சுங்கை பட்டாணியில் இருக்கும் உறவினர் ஒருவர் 300 வெள்ளி அனுப்பிவிட்டார்.

8.34க்குக் கைப்பேசி அழிந்ததும் செய்திகள் நின்றன. 8.47க்கு மறுபடி தொடங்கின. உறவினர் ஒருவர் தன் வாட்ஸ்அப்பில் பாதுகாப்பு அறிவிப்புகளை இயக்கி வைத்திருந்தார். அம்மையாரின் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்ற வரி 8.47க்கு அவருடைய உரையாடலில் தோன்றியிருந்தது. அதாவது சிம்மைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் போட்டு, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைக் கொண்டு வாட்ஸ்அப்பைப் புதிதாகப் பதிவு செய்துவிட்டார்கள்.

திரைப்பூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சிம்மைக் காக்காது. ஒரு சிறு ஊசியால் தட்டைத் தள்ளினால் சிம் வெளியே வந்துவிடும். அதை இன்னொரு கைப்பேசியில் போட்டதும் உங்கள் எண்ணுக்கு வரும் எல்லாக் குறுஞ்செய்தியும் அங்கே வரும். இதைத் தடுப்பது சிம்மின் சொந்தப் பின் எண் மட்டுமே. 8.58க்கு சிம் முடங்கிய பிறகும் வாட்ஸ்அப் அவர்கள் கையில்தான் இருந்தது. ஒருமுறை பதிவாகிவிட்டால் வைஃபை போதும், சிம் தேவையில்லை. போதாக்குறைக்கு, அம்மையார் வைக்காமல் விட்ட இரண்டாம் கட்ட எண்ணை அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த நாள்கள்

அன்றிரவு 10.40க்குக் காவல் நிலையத்தில் புகார். கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. அடையாள எண், பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருந்ததைக் கணவர் படித்துச் சொன்னார். பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது நன்மையாயிற்று.

மறுநாள் தைப்பூசம், பினாங்கில் பொது விடுமுறை. புதன்கிழமைதான் வேலை தொடங்கியது. புதிய சிம் வாங்க ஐ.சி. வேண்டும், ஐ.சி. களவுபோய்விட்டது. ஆகவே புகார் நகலுடன் முதலில் ஜே.பி.என். (தேசியப் பதிவுத் துறை), அடுத்து தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கிளை, அடுத்து வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டியிருந்தது. வியாழக்கிழமை, 13ஆம் தேதி, பழைய எண்ணில் புதிய சிம் கைக்கு வந்தது.

வாட்ஸ்அப்பில் குறுஞ்செய்தி எண்ணைத் தட்டியதும் அந்தப்பக்கம் இருந்தவர் வெளியேற்றப்பட்டார். ஆனால் இரண்டாம் கட்ட எண் தெரியாததால் அம்மையாராலும் உடனே உள்ளே போக முடியவில்லை. 7 நாள் காத்திருக்க வேண்டும். 20ஆம் தேதிதான் கணக்கு திறந்தது. அந்த வாரம் முழுக்க ஆர்டர் எதுவும் அவருக்கு எட்டவில்லை. காப்புப் பிரதியிலிருந்து பழைய உரையாடல்கள் மீண்டன.

மொத்த இழப்பு: இ-வாலட்டில் 480, வங்கியில் 1,500, உறவினருடையது 300, ஆக 2,280 வெள்ளி. 1,500 வெள்ளி போய்ச் சேர்ந்த கணக்கில் மிஞ்சியிருந்த தொகை முடக்கப்பட்டது. அது திரும்பக் கிடைப்பது இன்னும் முடிவாகவில்லை. 300 வெள்ளியை அம்மையாரே உறவினருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கைப்பேசி கிடைக்கவில்லை.

புதிய கைப்பேசியில் செய்தவை

பூட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்த விதம் இது. பத்துப் புளியங்கொட்டையில் 0 முதல் 9 வரை எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டு மறுபடி உள்ளே போட்டு, இப்படி ஏழு முறை. மனிதர் யோசித்து வைக்கும் எண்ணில் எப்படியும் ஒரு தேதியோ வண்டி எண்ணோ வீட்டு எண்ணோ நுழைந்துவிடும். புளியங்கொட்டைக்கு யாருடைய பிறந்த நாளும் தெரியாது. அந்த ஏழு இலக்கத்தைத் தாளில் எழுதி, இரண்டு நாள் அதையே பார்த்து அழுத்திப் பழகியபின், தாள் பீரோவுக்குப் போனது. ஐ.சி. அட்டையைத்தான் மாற்ற முடியும், அதிலுள்ள எண் மாறாது. அதனால் பிறந்த தேதி என்ற எண்ணை இனி எந்தப் பூட்டுக்கும் வைக்க முடியாது.

கைரேகைக்கு வலது கட்டை விரலை விட்டுவிட்டு, மாவிலும் சூட்டிலும் அதிகம் படாத இடது மோதிர விரலையும் இடது கட்டை விரலின் பக்கவாட்டையும் பதிந்தார்கள். கை கழுவித் துடைத்துக் கால் மணி நேரம் கழித்துப் பதிந்ததும், ஒரே விரலை இரண்டு முறை தனித்தனிப் பதிவாக வைத்ததும் பலன் தந்தன. இப்போது வெளியிடத்தில் எண்ணை அழுத்தும் தேவை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இ-வாலட்டின் எண் வேறு. தானாக ஏறும் வசதி நிறுத்தப்பட்டது, தேவைக்கேற்ப 100 வெள்ளி மட்டும் ஏற்றிக்கொள்கிறார். வங்கியில் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் வரம்பு 500 வெள்ளியாகக் குறைக்கப்பட்டது. அன்று இந்த வரம்பு இருந்திருந்தால் 1,500 ஒரே தடவையில் போயிருக்காது.

சிம் பின் வைக்கும்போது கவனம் தேவை. தொடக்கப் பின் எண்ணை நிறுவனம் தந்திருக்கும். ஊகித்துத் தட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று தவறானால் சிம் பூட்டிக்கொண்டு எட்டு இலக்க பக் (PUK) எனும் மீட்பு எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறாகத் தட்டினால் சிம் செத்துவிடும். சிம் வந்த பிளாஸ்டிக் அட்டையின் பக் எண்ணை நோட்டில் எழுதிய பிறகே மாற்றினார்கள்.

வாட்ஸ்அப்பில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இயக்கப்பட்டது. பூட்டிய திரையில் செய்தியின் வாசகம் மறைக்கப்பட்டது. திரை பூட்டியிருக்கும்போதே மேலிருந்து இழுத்து விமானப் பயன்முறையைத் தட்டும் வசதியும் அடைக்கப்பட்டது. கூகுள் கணக்கின் மீட்பு எண்ணாக மகளின் எண் கொடுக்கப்பட்டது. கணக்கு தரும் பத்துக் காப்புக் குறியீடுகள் நோட்டில் எழுதப்பட்டன. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒருமுறைதான் செல்லும்.

படங்கள்தான் அதிக நேரம் எடுத்தன. ஐ.சி., கடவுச்சொல், வங்கிப் புத்தகம் என்று தேடித் தேடி நீக்கினார்கள். நீக்கியவை குப்பைத் தொட்டியில் 30 நாளோ 60 நாளோ தங்கும் என்பதால் அதையும் காலி செய்தார்கள். வைத்துக்கொள்ள வேண்டிய சிலவற்றைப் பூட்டிய கோப்புறைக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. கூகுள் படச் செயலியின் பூட்டிய கோப்புறை கைப்பேசியின் திரைப்பூட்டு எண்ணிலேயே திறக்கும். முதல் கதவைத் திறந்தவனுக்கு அதுவும் திறக்கும். தனி எண் வைக்க இடம் தரும் கோப்புறைதான் உண்மையில் இரண்டாவது கதவு. இவருடைய கைப்பேசியில் அது இல்லாததால், அவசியமான இரண்டு படங்களையும் அச்செடுத்துப் பீரோவில் வைத்தார்கள்.

மறுமுறை மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் பிழை அந்த 25 நிமிடம். அழைப்பு துண்டிக்கப்பட்டதுமே களவு என்று முடிவு செய்து, ஒருவர் தேட, இன்னொருவர் வங்கியை அழைத்திருக்க வேண்டும். வங்கியின் எண் மகளின் கைப்பேசியிலும் சேமித்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் மிஞ்சியிருக்கும். 1,500 வெள்ளி போனது வரிசையில் காத்திருந்த அந்த இரண்டாவது நிமிடத்தில்தான்.

இரண்டாவது, வேலையைப் பிரித்துக்கொள்ளாதது. எல்லா அழைப்பும் மகளின் ஒரே கைப்பேசியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வங்கியோடு மகள் பேசும் நேரத்தில் கடையில் இருந்த உதவியாளர் வீட்டுக்கு அழைத்து டேப்லட்டை இயக்கச் செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இன்னும் முன்னதாகவே கைப்பேசி அழிந்திருக்கும்.

சிம்மைக் கடைசியில் முடக்கியதைப் பற்றி இரு கருத்து உண்டு. நம் கருத்து: அழிக்கும் கட்டளை நிறைவேறியது என்ற உறுதி 8.34க்கு வந்த நொடியே சிம்மை முடக்கியிருக்க வேண்டும். கடவுச்சொல் மாற்றம் பத்து நிமிடம் காத்திருந்தாலும் ஒன்றும் கெட்டிருக்காது. 8.47க்கு வாட்ஸ்அப் கைமாறியது அந்த 24 நிமிட இடைவெளியில்தான். சிம்முக்குப் பின் எண் இருந்திருந்தால் இந்த அவசரமே வந்திருக்காது.

வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு, கைப்பேசி களவுபோய்விட்டது, கணக்கைச் செயலிழக்கச் செய்யுங்கள் என்று நாட்டுக் குறியீட்டுடன் எண்ணைக் குறித்து மின்னஞ்சல் அனுப்பும் வழி உண்டு. அன்றிரவு யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அனுப்பியிருந்தால் புதிய சிம் வரும்வரை மூன்று நாள் கணக்கு அவர்கள் கையில் இருந்திருக்காது.

ஆறு வாரம் கழித்து உதவியவர் பிறைக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி பார்த்தார். பூட்டு எண், வாட்ஸ்அப் எண் இரண்டும் அம்மையாருக்கு மனப்பாடம். கைப்பேசியை அணைத்து இயக்கச் சொன்னபோது சிம் பின் எண்ணில் இரண்டு முறை தவறினார். மூன்றாவது முறைக்குமுன் நோட்டைப் பார்க்கச் சொல்லி நிறுத்தினார். அந்த எண் கைப்பேசியை அணைத்து இயக்கும்போது மட்டுமே தேவைப்படுவதால் மறப்பது இயல்பு. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒருமுறை அணைத்து இயக்குவது என்று முடிவானது. வீட்டு டேப்லட்டுக்கு அன்றுவரை பூட்டே இல்லை. பேரன் விளையாடும் அதில்தான் அம்மையாரின் கூகுள் கணக்கு திறந்து கிடந்தது. அதற்கும் புளியங்கொட்டை டப்பா வெளியே எடுக்கப்பட்டது.